பின்வாசல் வியாபாரம்

மே 9, ஞாயிறு

நாளையிலிருந்து கடையை மூட வேண்டுமாம். இரண்டு வாரம் என்கிறார்கள். போன வருஷமும் இரண்டு வாரம் என்று ஆரம்பித்துத்தான் வைகாசி முகூர்த்தம் மொத்தத்தையும் விழுங்கினார்கள். இந்த வருஷமாவது தலை நிமிரலாம் என்று பட்டாக எடுத்து நிரப்பி வைத்திருக்கிறேன். எல்லாம் அலமாரியில் அடுக்கடுக்காக உட்கார்ந்து என்னைப் பார்த்து முழிக்கின்றன.

இன்று கடைவீதியில் கால் வைக்க இடமில்லை. நாளைக்கு மூடுகிறார்கள் என்றதும் ஊரே கிளம்பி வந்து ஒருத்தர் தோளை ஒருத்தர் இடித்துக்கொண்டு நிற்கிறது. கொரோனாவைத் தடுக்கிற அழகு இதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வியாபாரத்தைப் பார்த்துச் சந்தோஷமும் வந்தது.

கோகிலாவுக்கு இன்று முகம் கொள்ளாத பூரிப்பு. மகன் மோகன்ராஜ் காலையில் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிவிட்டான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். "கடையும் இல்ல, பையனும் ஊட்ல இருக்கறான். ரெண்டு வாரம் அவனுக்கு ஆக்கிப் போட்டுட்டுக் கெடக்கறேனுங்க அக்கா" என்றாள். அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமி விசைத்தறியில் இருக்கிறார். அதுவும் நாளையிலிருந்து நிற்கிறது.

கோகிலா இல்லாத கடையை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் கல்லாவில் உட்கார்ந்தேன் என்றால் சேலைப் பக்கம் முழுக்க அவள்தான். கல்யாணப் பார்ட்டி எந்தப் பட்டைக் கையில் எடுத்தாலும் அது முதலில் கோகிலாவின் தோளுக்குப் போகும். முந்தானையை விரித்து, மடிப்பு வைத்து, பெண்ணின் அம்மா எதிரில் ஒரு சுற்று திரும்புவாள். அப்புறம்தான் பில்.

மே 10, திங்கள்

ஷட்டரை இறக்கினோம். மத்தியானத்துக்கு மேல் வீதியில் நாய்கள் மட்டும்.

மே 12, புதன்

சென்னியப்பன் போன் செய்தார். மகளுக்கு வைகாசி இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். மண்டபம் கிடையாது, வீட்டு வாசலில் பந்தல். சேலை இன்னும் எடுக்கவில்லை.

"போட்டோ அனுப்பறேனுங்க, பாருங்க" என்றேன்.

"அதெப்படிங்க ஆகும்? முகூர்த்தச் சேலையை ரெண்டு ஊட்டு ஆளுகளும் உக்காந்து எடுத்தாத்தானுங்க மொறை. நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுல ஒரு பேச்சு வந்துரப்படாது பாருங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். எங்கள் வணிகர் சங்கத் தலைவர் குப்புராஜைக் கேட்டேன். ரெடிமேட் கடைக்காரர். ஊரில் எது நடந்தாலும் தனக்கு முன்னாலேயே தெரியும் என்பது போலப் பேசுவார்.

"அக்கா, முன்னால ஷட்டர் மூடியிருக்கோணும், அவ்வளவுதான். நம்ம வீதியில எவன் நெசமாலுமே மூடியிருக்கறான்? அல்லாருக்கும் பின்னால சந்து இருக்குதில்லீங்க."

அதுவும் சரிதான். எனக்கும் சந்து இருக்கிறது.

மே 14, வெள்ளி

நாள் நல்ல நாள். வேலை நிறைய.

கோகிலாவை மட்டும் வரச் சொல்லியிருந்தேன். சந்து வழியாக வந்தாள். ரோட்டுப் பக்கம் ஜன்னல்களைச் சாத்தி அதன்மேல் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோம், வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் வெளியே போகாமல் இருக்க. போலீஸ் ஜீப் இரண்டு தடவை போயிற்று. அது போகும்போதெல்லாம் சென்னியப்பன் பார்ட்டி, இரண்டு வீட்டாருமாகப் பதினான்கு பேரும் வாயை மூடிக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிற மாதிரி இருந்தது. சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

காலையில் வந்தவர்கள் மத்தியானச் சோற்று நேரம் தாண்டித்தான் எழுந்தார்கள். டம்ளர் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, நல்ல குண்டம்மா, பாயில் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு சேலைக்கும் ஒரு குறை சொன்னாள். அவளுக்குத்தான் கோகிலா திரும்பத் திரும்ப உடுத்திக் காட்டினாள். அந்த அம்மா இடையிடையே இருமினாள். புதுப்பட்டின் கஞ்சி வாடை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

புழுக்கம் தாங்காமல் கோகிலா மாஸ்க்கைக் கழற்றிவிட்டாள்.

கடைசியில் மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்டது முடிந்தது. கல்யாணப் பெண்ணுக்கும் கோகிலாவின் நிறம்தான். அவள் தோளில் விழுந்ததுமே அது முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

மே 15, சனி

ஜமுக்காளத்தைத் துவைத்துப் போட்டேன். கோகிலா போனில் மகனுக்குப் பணியாரம் சுட்ட கதையை அரைமணி நேரம் சொன்னாள்.

மே 18, செவ்வாய்

இன்னொரு பார்ட்டி கேட்கிறது. கோகிலாவைக் கூப்பிட்டேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறதாம். "வெயில்ல துணி துவைச்சதுங்க்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். சரி, ஓய்வெடு என்றேன். பார்ட்டியை அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

மே 20, வியாழன்

கோகிலாவுக்குக் காய்ச்சல். கபசுரக் குடிநீர் காய்ச்சி ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். மிளகு ரசம் வைக்கச் சொன்னேன். எனக்குத் தொண்டை எப்படி இருக்கிறது என்று நாளெல்லாம் விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை.

மே 22, சனி

கோகிலாவுக்கு வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கிருந்தே போன் பண்ணினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"எங்கிருந்து வந்துச்சுன்னு டாக்டரம்மா கேட்டாங்க அக்கா. எங்கீயும் போகலைன்னு சொன்னா நம்ப மாட்டீங்கறாங்க. அப்பறம் பையன் பெங்களூர்ல இருந்து வந்தானுங்கன்னு சொல்லிப்போட்டேன். கடைப் பேச்சே எடுக்கலீங்க."

"நல்லதாப் போச்சு கோகிலா" என்றேன்.

"பையனை ஒண்ணும் பண்ண மாட்டாங்கல்லீங்க?"

"அவனை என்ன பண்ணப் போறாங்க. நீ பேசாமப் படுத்துத் தூங்கு."

நல்ல பெண். அவளாகத்தான் சொன்னாள், நான் சொல்லச் சொல்லவில்லை.

மே 23, ஞாயிறு

மோகன்ராஜுக்கும் காய்ச்சலாம். அவர்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். அந்த வரிசையில் இருக்கிறவர்கள், பெங்களூரிலிருந்து வந்தவன் ஊருக்கே கொண்டுவந்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறார்களாம். குப்புராஜ் சொன்னார்.

ஜனங்களுக்கு யாரையாவது சொல்லியாக வேண்டும்.

மே 24, திங்கள்

டாக்டர் நஸ்ரின் கடை வாசலில் வந்து நின்றார். நகராட்சி சுகாதார மையத்துக்குப் புதிதாக வந்திருக்கிறவர், சின்ன வயசு. மாடி வீட்டிலிருந்து இறங்கிப் போய்ப் பேசினேன்.

"கோகிலா உங்க கடையிலதானே வேலை பாக்கறாங்க? இந்த மாசம் வந்தாங்களா?"

"கடை பத்தாம் தேதியே மூடியாச்சுங்களே."

"பையனுக்கு அம்மாவுக்கு அப்புறம்தான் காய்ச்சல் வந்திருக்கு. அதான் கேக்கறேன். வேற எங்கயாவது போயிருப்பாங்களா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஷட்டரைப் பார்த்தார். பூட்டு தொங்கியது. என்னவோ குறித்துக்கொண்டு போய்விட்டார். கையில் தண்ணீர் பாட்டில் கூட இல்லை, உதடெல்லாம் காய்ந்து கிடந்தது. மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கலாம். வாயில் வந்தது, கேட்கவில்லை. உட்கார்ந்தால் இன்னும் ஏதாவது கேட்பார்.

நான் சொன்னது பொய்யில்லை. பத்தாம் தேதி மூடினோம்தான்.

மே 26, புதன்

போன வாரம் தள்ளிப் போட்ட பார்ட்டி வந்தது. ஒன்பது பேர்தான். எப்படி வேண்டாம் என்பது, பெண்ணின் தகப்பனார் அழாத குறையாகப் பேசினார். கோகிலா இல்லாததால் நானே தோளில் போட்டுக் காட்டினேன். இந்த வயசில் எனக்கு என்ன எடுக்கும். மாஸ்க்கைக் கழற்றினால் கலர் சரியாகத் தெரியுமே என்று பெண்ணின் சித்தி சொன்னாள்.

நான் கழற்றவில்லை.

மே 27, வியாழன்

கோகிலாவுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். ஆறுச்சாமி பேசினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடக்கிறார், உள்ளே விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்குமா என்று எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் போன் பண்ணினேன். குப்புராஜும் அலைந்தார். கிடைக்கவில்லை. சாமிக்கு விளக்கேற்றி நெய்யாக ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மே 29, சனி

கோகிலா போய்விட்டாள்.

மே 31, திங்கள்

நேற்று முழுக்க எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது.

முகத்தைக் கூடக் காட்டாமல் பொதிந்து கொண்டு போனார்களாம். ஆறுச்சாமியும் ஒரு பங்காளியும்தான் சுடுகாட்டுக்குப் போயிருக்கிறார்கள். மகனுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று தகரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கொள்ளி போட வேண்டியவன் ஜன்னல் வழியாக ஆம்புலன்ஸ் போவதைப் பார்த்திருக்கிறான்.

இன்று காலை கடைக்குள் போனேன். கோகிலா கொண்டையில் செருகும் ஊக்கு ஒன்று சேலை மேடையில் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு எழுந்து எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். இப்போது திறந்து என்ன.

ஜூன் 4, வெள்ளி

இன்றைக்கு எழுதிவிட வேண்டும்.

புழுக்கத்தில் கோகிலா மாஸ்க்கைக் கழற்றினாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவள் கழற்றவில்லை. அந்த அத்தை, "மூஞ்சியை மூடிட்டு இருந்தா சேலை எடுப்பா இருக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்" என்றாள். கோகிலா என்னைப் பார்த்தாள். நான் கல்லாவிலிருந்து, "கழட்டு கோகிலா, கொஞ்ச நேரந்தான, முகம் தெரியட்டும்" என்றேன். அவள் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். கொஞ்ச நேரமில்லை, அவர்கள் எழுந்து போகிறவரைக்கும் அப்படியே நின்றாள். நான் மறுபடி போடச் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் அப்படித்தான். சேலை துணியில்லை, முகத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் சேலை. மாமியார் காலத்திலிருந்து விற்கிற ஆளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான்.

ஜூன் 6, ஞாயிறு

சென்னியப்பன் போன். ஜாக்கெட் துணி வேண்டாமாம், கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அத்தை போன வாரம் தவறிவிட்டாள். இரண்டு வீட்டிலும் சேர்த்துப் பாதிப் பேருக்கு வந்து போயிருக்கிறது.

"உங்க ஊட்ல அல்லாரும் சவுரியந்தானுங்க?" என்று கேட்டார். சவுரியம் என்றேன்.

ஜூன் 9, புதன்

தகரத்தை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு துக்கம் கேட்கப் போனேன். வாசலில் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். மகன் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வாசப்படிதான். ஒருத்தருக்கு ஒருத்தர் பேச்சில்லை.

"நல்லாத்தான இருந்தா" என்றார் ஆறுச்சாமி. "இவன் வாறேன்னதும் நாந்தான் வேண்டாம்னேன். அங்கீயே இருடான்னேன். ஆத்தாக்காரி கேக்கலை, வா சாமி வா சாமின்னு கூப்புட்டா. வந்தான். கூட்டிட்டுப் போயிட்டான்."

மகன் காதில் விழும்படியே சொன்னார். அவன் திரும்பவில்லை. பிள்ளை பாதியாகிவிட்டான். லேப்டாப் மூடியபடி மூலையில் கிடந்தது.

நான் கொண்டுபோன இட்லியை அவன் பக்கத்தில் வைத்தேன். "சாப்பிடு கண்ணு" என்றேன். "வேண்டாங்க பெரியம்மா" என்றான். "நான் சாப்பிட்டா என்னுங்க, சாப்பிடாட்டி என்னுங்க."

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தண்ணீர் கொடுங்கள் ஆறுச்சாமி என்றேன்.

ஜூன் 10, வியாழன்

நான் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். கடைக்கு சீல் வைப்பார்கள். கேஸ் போடுவார்கள். சென்னியப்பன் வீட்டார் வந்து மண்ணை வாரித் தூற்றுவார்கள். போனவள் திரும்பி வரப் போகிறாளா.

ஆனால் இருக்கிறவன் இருக்கிறானே.

ஜூன் 17, வியாழன்

மற்ற மாவட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள், நமக்கு இன்னும் இல்லை. சங்கத்தில் மனு எழுதுகிறார்கள். குப்புராஜ் வாசித்துக் காட்டினார். பெரிய கடைவீதி மே பத்திலிருந்து முழுமையாக மூடப்பட்டும் இந்த வீதியைச் சேர்ந்தவர்களில் ஏழு பேர் இறந்திருக்கிறார்கள், ஆகவே கடைகளை மூடுவதால் சாவு குறைவதில்லை, வியாபாரிகளின் வயிற்றில் அடிப்பதுதான் மிச்சம், இனி எந்த அலை வந்தாலும் கடைகளை மூடச் சொல்லக் கூடாது என்று போகிறது.

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்த அறையில் இருந்த ஒவ்வொருத்தர் கடைக்கும் எந்தச் சந்து வழியாகப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் சந்து அவர்களுக்குத் தெரியும். ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 24, வியாழன்

ஆறுச்சாமி வந்தார். மகன் வேலையை விட்டுவிட்டானாம். காலையில் எழுந்து ஆற்றுப் பாலத்துப் பக்கம் போய் நிற்கிறான், ஆள் அனுப்பிக் கூட்டி வர வேண்டியிருக்கிறது. "எனக்கு அவன் மேல கோவந்தான். ஆனா அவனும் போயிட்டா நான் என்னுங்க பண்ணுவேன்" என்றார். "நீங்க சொன்னாக் கேப்பான். ஒருக்கா வந்து பேசுங்கம்மா."

வருகிறேன் என்றேன். போகவில்லை.

ஜூன் 30, புதன்

நகராட்சியில் கூட்டம். எங்கள் சங்கத்துக்காரர்கள், அதிகாரிகள், டாக்டர் நஸ்ரின்.

குப்புராஜ் மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசினார். நன்றாகவே பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. "நாங்க மூடுனோம். அப்படியும் ஆளுக செத்தாங்க. அப்பறம் மூடி என்னுங்க பிரயோசனம்?"

டாக்டர் இரண்டு தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"பாத்திரக்காரர் வீதியும் அதே நாள்தான் மூடினாங்க. உங்க வீதிக்கு அடுத்த வீதி. அங்க ஜூன் முழுக்க ஒருத்தர் சாகலை. நோய் வந்ததே மூணு நாலு பேருக்குத்தான். ஏப்ரல்ல ரெண்டு வீதியும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. மூடினதுக்கு அப்புறம் ஒண்ணுல குறைஞ்சிருக்கு, ஒண்ணுல குறையலை. எனக்குப் புரியலைங்க. இதைத்தான் ரிப்போர்ட்டா எழுதணும். மூடினா பலன் இருக்கா இல்லையான்னு மேல கேக்கறாங்க. உங்க வீதியை வெச்சு எழுதினா இல்லைன்னுதான் எழுதணும். அடுத்த தடவை வந்தா மூட மாட்டாங்க. அது சரியா இருக்குமான்னு எனக்குப் பயமா இருக்கு. யாராவது எதையாவது சொல்லணும்னா இப்பச் சொல்லுங்க."

பாத்திரக்காரர்களுக்குச் சந்து இல்லை, பின்பக்கம் முழுக்க ஓடைச் சுவர். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

குப்புராஜ் தொண்டையைச் செருமினார். "வெளியூர் ஆளுக கொண்டாந்ததுக்குக் கடைக்காரங்க என்னுங்க பண்ணுவோம். இப்ப சாந்தாமணியக்கா கடையில இருந்த கோகிலாவையே எடுத்துக்குங்க. கடை மூடிக் கெடந்துது. பையன் பெங்களூர்ல இருந்து கொண்டாந்தான். இல்லீங்களா அக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றேன்.

சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பினால் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் மோகன்ராஜ் நிற்கிறான். அம்மாவின் இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவன். கேட்டுவிட்டான். என்னைப் பார்த்துக் கை கூப்பினான், பெரியவர்களைப் பார்த்தால் செய்கிற மரியாதைக்கு. பிறகு வரிசையில் நகர்ந்து போய்விட்டான்.

நான் என்ன மனுஷி.

ஜூலை 5, திங்கள்

கடைகளைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள், வீதியெல்லாம் கற்பூர வாசம். வந்தவர்கள் எல்லாரும் கோகிலா எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தரும் எனக்கே ஆறுதல் சொன்னார்கள். உங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்குமே என்றார்கள். ஆமாம் ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.

ஒரு பெண் வீட்டார் ஆரஞ்சுப் பட்டை எடுத்துவிட்டு யார் தோளில் போட்டுப் பார்ப்பது என்று சுற்றிப் பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் எழுந்து வந்து, என்னைக் கேட்காமலே மாஸ்க்கை இறக்கினாள். போடு என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 6, செவ்வாய்

டாக்டர் நஸ்ரினிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், ஜமுக்காளம், பதினான்கு பேர், அத்தை, மாஸ்க், அப்புறம் வந்த ஒன்பது பேர். எங்கள் வீதியில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவரவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், என் கடை ஒரு நாளும் மூடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்தார்.

"திறந்தே வெச்சிருந்தாக்கூட இவ்வளவு ஆகியிருக்காதுங்க" என்றார். "ஜன்னலாவது திறந்திருக்கும்."

கேஸ் வருமா என்று கேட்டேன். வரலாம் என்றார். பிறகு, "ரிப்போர்ட்டை நான் மாத்தி எழுதிடுவேன். அந்தப் பையனுக்கு யார் சொல்றது?" என்றார்.

சாயங்காலத்துக்குள் குப்புராஜுக்குச் செய்தி போய்விட்டது. "வீதியையே வித்துப்போட்டீங்களே அக்கா" என்றார் போனில். கோபம்கூட இல்லை அவர் குரலில், பயம்தான் இருந்தது.

ஜூலை 7, புதன்

காலையிலேயே போனேன். ஆறுச்சாமி வாசலில் ராட்டையில் தறிக்கான நூல் சுற்றிக்கொண்டிருந்தார். வாங்கம்மா என்றார். உள்ளே போய் மோகன்ராஜ் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நாற்காலி போட்டான், வேண்டாம் என்றேன்.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் உதவவில்லை. "கண்ணு, உங்கம்மாவுக்கு அது எங்க கடையில வந்துச்சு. நாந்தான் கூப்பிட்டேன். மாஸ்க்கைக் கழட்டச் சொன்னதும் நாந்தான். எனக்காகத்தான் உம்பேரைச் சொன்னா" என்றேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது. பிறகு மிச்சத்தையும் சொன்னேன்.

வாசலில் ராட்டைச் சத்தம் நின்றுவிட்டது.

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் கொண்டாரலீங்களா பெரியம்மா?"

"இல்ல சாமி."

"நெசமாலுமே இல்லீங்களா?"

"உனக்கே உங்கம்மாகிட்ட இருந்துதான் வந்துச்சு. டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்றாங்க."

"நான் வந்ததால இல்லீங்களா?"

இல்லை, இல்லை என்று எத்தனை தடவை சொன்னேனோ. அப்புறம்தான் அழுதான். சின்னப் பையன் அழுகிற மாதிரி வாயைத் திறந்து சத்தமாக அழுதான். அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்ங்க பெரியம்மா, வந்து சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை எங்கே கொண்டு போய் வைப்பது.

ஆறுச்சாமி உள்ளே வந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. மகன் முன்னால் குனிந்து, துண்டால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். "எந்திரி சாமி. சோறு திங்கலாம், வா" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் மகனோடு பேசாத மனுஷன்.

அடுப்பில் பழைய குழம்பு இருந்தது. மோகன்ராஜ் எழுந்து தட்டுகளைக் கழுவி வைத்தான். அவனுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "நீங்களும் சாப்பிடுங்க பெரியம்மா, மூஞ்சி வாடிக் கெடக்குது" என்றான்.

ஆறுச்சாமி அந்த மூன்றாவது தட்டை எடுத்து, திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.